சக்கர நாற்காலியும் மதுரை ஓட்டல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கர நாற்காலியில் வெளியே சாப்பிடப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் முதலில் வருகின்றன. ஓட்டல் நடத்துகிறவர்கள் கேட்பவை நடுவில். சட்டமும் புகாரும் அதற்குப் பிறகு. அளவுகளைப் பெரும்பாலும் அடி, அங்குலத்தில் தந்திருக்கிறோம். கொத்தனாரிடமும் வெல்டிங் பட்டறையிலும் அப்படித்தான் பேசப்போகிறீர்கள்.

போனில் கேட்டால் "படியெல்லாம் இல்ல சார்" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு படி இருக்கிறது. எப்படிக் கேட்பது?

கல்லாவில் இருப்பவர் பொய் சொல்லவில்லை. நடந்து போகிறவருக்கு இரண்டு படி படியாகவே தெரியாது. அதனால் "படி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ரோட்டிலிருந்து டேபிள் வரைக்கும் எத்தனை இடத்தில் காலைத் தூக்கி வைக்கணும்?" என்று கேளுங்கள். உடனே சரியான பதில் வரும்: "வாசல்ல ரெண்டு, உள்ள ஏ.சி. ரூமுக்கு ஒண்ணு."

அடுத்து, ஏ.சி. ஹால் கீழேயா மாடியிலா என்று கேளுங்கள். மாடி என்றால் லிப்ட் உண்டா, அதன் கதவு எத்தனை அங்குலம் என்பதையும் கேட்க வேண்டும். நான்கு பேர் லிப்ட் என்று போடுவதில் பலவற்றுக்குக் கதவு 24 முதல் 28 அங்குலம்தான் இருக்கும். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே 24 முதல் 27 அங்குலம். அதைப் பிடித்துத் தள்ளும் கைமுட்டிக்கும் இடம் வேண்டுமே.

வாட்ஸ்அப்பில் மூன்று படம் கேளுங்கள்: எதிர்ப் பக்கத்தில் நின்று எடுத்த வாசல் படம், உள்ளே டேபிள்களுக்கு நடுவே உள்ள வழி, கதவைத் திறந்து வைத்து எடுத்த கழிவறை. படியருகே ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்து எடுக்கச் சொன்னால் உயரம் பிடிபட்டுவிடும். கேனின் உயரம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல்.

"நாங்க நாலு பேர் இருக்கோம், தூக்கி விட்டுர்றோம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

அதை முடிவு செய்ய வேண்டியவர் நாற்காலியில் இருப்பவர் ஒருவர்தான். கூட வந்தவர் தலையாட்டியதை வைத்துத் தூக்கக் கூடாது.

ஒத்துக்கொண்டால், தூக்குகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கைவைக்கும் பகுதியையும் கால்வைக்கும் தட்டையும் பிடித்துத் தூக்கக் கூடாது. பெரும்பாலான நாற்காலிகளில் அவை கழற்றக்கூடியவை. பாதி உயரத்தில் கையோடு வந்துவிடும், ஆள் முன்பக்கம் சரிவார். பின்னால் தள்ளும் கைப்பிடியும், முன்னால் இருக்கையோடு வெல்டு செய்த இரும்புச் சட்டமும்தான் பிடிக்கத் தகுந்த இடங்கள். ஒரே படி என்றால் தூக்கவே வேண்டாம். பின்னால் நிற்பவர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காலால் மிதித்து நாற்காலியைப் பின்சாய்த்து, முன் சிறு சக்கரங்களைப் படிமேல் வைத்து, பெரிய சக்கரம் படியில் முட்டும்வரை தள்ளி, பிறகு உருட்டி ஏற்றலாம். இறங்கும்போது எப்போதும் முதுகுப்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில் இறங்க வேண்டும். முகம் முன்னால் பார்த்தபடி இறக்கினால் ஆள் குப்புற விழுவார்.

முதுகுத் தண்டில் அடிபட்ட பலருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது. பாதம் தட்டிலிருந்து நழுவிப் படியில் உரசினாலும் தெரியாது. சிறுநீர்ப் பை, குழாய் எதில் மாட்டியிருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி நாற்காலி பலவும் 50 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆள் எடை தனி. அதைத் தூக்க முயலவே கூடாது.

உதவ முன்வரும் பையன்களின் மனசு நல்லதுதான். ஆனால் நாலு பேர் தூக்கினால்தான் நுழைய முடியும் என்ற கடை, நுழைய வசதியுள்ள கடை ஆகாது. அந்த நாலு பேரில் இரண்டு பேர் லீவு போட்ட நாளில் உங்களுக்கு அங்கே சாப்பாடு கிடையாது.

நாற்காலியை வெளியே விட்டுவிட்டு கடையின் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, வலுவான காரணமும் உண்டு. உணர்ச்சியில்லாத உடம்பு, கெட்டியான பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் அழுந்தினால் படுக்கைப்புண்ணுக்கு வழி வைக்கும். உங்கள் இருக்கையிலுள்ள மெத்தை அதற்காகவே போட்டது. வெளியே நிற்கும் நாற்காலி காணாமல் போனால் நீங்கள் வீடு திரும்பும் வழியும் போச்சு. விருப்பப்பட்டு மாறி உட்காருவது வேறு விஷயம். அப்போதும் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

உள்ளே போய்விட்டோம். ஆனால் டேபிளுக்கு அடியில் நாற்காலி போவதில்லை. இலை எட்டமாக இருக்கிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, டேபிளின் கீழ்விளிம்பில் ஓடும் பட்டி. மேல்பலகை 30 அங்குல உயரத்தில் இருந்தாலும் அதற்கடியில் இரும்புச் சட்டமோ மரப்பட்டியோ இரண்டு அங்குலம் தொங்கினால் மிச்சம் 28 அங்குலம்தான். நாற்காலியின் கைவைக்கும் பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 28, 29 அங்குலம் இருப்பதால் அங்கேயே முட்டி நிற்கிறது. இரண்டாவது, கால்களை இணைக்கும் குறுக்குக் கம்பி. அது கால்வைக்கும் தட்டைத் தடுக்கும். மூன்றாவது, தரையோடு பதித்த பெஞ்சு.

இப்படி முட்டி நின்றால் வயிற்றுக்கும் இலைக்கும் நடுவே ஓரடி இடைவெளி விழுகிறது. நம் ஊரில் கூட்டு, பொரியல், ஊறுகாய் எல்லாம் இலையின் மேல்பாதியில் வைப்பது வழக்கம். அந்த இடத்துக்குக் கை நீட்டினால் உடம்பு முன்சாய வேண்டும். இடுப்புக்கு மேல் பிடிமானம் இல்லாதவரால் சாய முடியாது. சாம்பார் பிசைந்த கை டேபிள் விளிம்பைத் தாண்டி வாய்க்கு வருவதற்குள் மடியில் சொட்டும். சாப்பிட்டு எழும்போது சட்டை நனைந்திருப்பது அவர் கவனக்குறைவால் அல்ல, டேபிளால்தான்.

ஓட்டல்காரர் செய்ய வேண்டியது சின்ன வேலை. இரண்டு டேபிளை எடுத்து, குறுக்குக் கம்பியை வெட்டிவிட்டு, கால்களுக்கடியில் ஒன்று, ஒன்றரை அங்குலக் கட்டையோ ரப்பர் குமிழோ வைத்து, அடியில் காலி உயரம் 29 அங்குலத்துக்குக் குறையாமல் செய்துவிட வேண்டும். கம்பியை வெட்டினால் டேபிள் ஆடும். அதனால் மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பெஞ்சு இல்லாமல் இருக்க வேண்டும். நாற்காலி நுழையும் அகலம் இரண்டு கால்களுக்கும் நடுவே இரண்டரை அடி. அந்த இரண்டு டேபிளும் வாசலுக்கும் வழிக்கும் அருகில் இருக்கட்டும், ஆனால் எச்சில் தட்டு போகும் வழியிலோ கை கழுவும் இடத்தை ஒட்டியோ இருக்க வேண்டாம்.

சாப்பிடப் போகிறவர் தன் பக்கமாகச் செய்துகொள்ளக் கூடியது ஒன்றுண்டு. நாற்காலி வாங்கும்போது கைவைக்கும் பகுதி முன்னால் படி போலத் தாழ்ந்திருக்கும் வகையையோ, கழற்றக்கூடிய வகையையோ கேட்டு வாங்குங்கள். டேபிள் மாறாத கடையிலும் அரையடி முன்னால் போகலாம்.

மதுரையில் எந்த மாதிரிக் கடைகளில் நுழைவது எளிது?

நான்கு மாசி வீதிகள், டவுன்ஹால் ரோடு, சிம்மக்கல் பக்கமுள்ள பழைய கட்டடங்கள்தான் சிரமம். தெருவை ஒட்டிச் சாக்கடை, அதன்மேல் சிலாப்பு, அதற்கு மேல் இரண்டு மூன்று படி, உடனே நிலைவாசல். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தரையை உயர்த்திக் கட்டியவை அவை. சிலாப்புகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் முன்சக்கரம் இறங்கிவிடும். அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நேராகக் கடக்காமல் நாற்காலியைப் பின்சாய்த்துக் கடக்க வேண்டும்.

பைபாஸ் ரோடு, கே.கே. நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணி பக்கம் புதிதாகக் கட்டியவற்றில் வண்டி நிறுத்த இடமிருக்கும், சாய்தளமும் இருக்க வாய்ப்பு அதிகம். மேலூர், திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையோர ஓட்டல்கள் ஒரே தளத்தில் பரந்து கிடப்பவை. அங்கே கழிவறை மட்டும் பின்பக்கம் ஜல்லிக்கல்லைத் தாண்டிப் போகும்படி இருக்கும்.

இரவுப் பரோட்டாக் கடைகளை மறந்துவிடாதீர்கள். சமதரையில் பிளாஸ்டிக் டேபிள், நகர்த்தக்கூடிய ஸ்டூல், படியே கிடையாது. முட்டைக் கலக்கியும் சால்னாவும் சாப்பிட ஏ.சி. ஹாலைவிட அங்கே வசதி. கல்லுக்குப் பக்கத்தில் எண்ணெய் சிந்திய தரையில் சக்கரம் வழுக்கும். அடுப்பிலிருந்து இரண்டு டேபிள் தள்ளி உட்காருங்கள்.

நேரமும் முக்கியம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, ஞாயிறு இரவு, சித்திரைத் திருவிழா நாட்கள் ஆகியவற்றில் வழியில் கூடுதல் டேபிள் போட்டுவிடுவார்கள். வேறு நாளில் தாராளமாக இருந்த கடை அன்று முட்டுச்சந்தாகிவிடும்.

நான் ஓட்டல் வைத்திருக்கிறேன். சாய்தளம் எவ்வளவு நீளம் போட வேண்டும்?

ஒரு அங்குலம் உயரத்துக்கு ஒரு அடி நீளம். இதற்குக் குறையக் கூடாது. தடையற்ற கட்டடங்களுக்கான அரசு வழிகாட்டு நெறிகள் 1:12 என்று சொல்வது இதைத்தான். வாசல் 7 அங்குலம் உயரமென்றால் சாய்தளம் 7 அடி. மூன்று படி சேர்ந்து 18 அங்குலமென்றால் 18 அடி. உயரத்தைப் படிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரோட்டு மட்டத்தில் ஒரு நேர்க்கட்டையை வைத்து ரசமட்டம் பார்த்து அளவெடுங்கள். ரோடே சரிந்திருந்தால் அந்தச் சரிவும் சேரும்.

அகலம் 4 அடி. மேலேயும் கீழேயும் 5 அடிக்கு 5 அடி சமதளம் வேண்டும். மேலே சமதளம் இல்லையென்றால், சரிவில் நின்றபடி கதவைத் தன் பக்கம் இழுக்க வேண்டி வரும். கையை எடுத்ததும் நாற்காலி பின்னால் உருளும். இரண்டு பக்கமும் இரண்டரை அடி, மூன்றடி உயரங்களில் கைப்பிடிக் கம்பி, ஓரத்தில் சக்கரம் வெளியே போகாமல் இருக்க 2, 3 அங்குலத் திட்டு.

மேற்பரப்பு பளபளப்பான கிரானைட்டாக இருக்கவே கூடாது. ஐப்பசி மழையில் ஒரு நாள் பார்த்தால் காரணம் புரியும். நெருப்பால் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டோ, துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்த சிமெண்டோ போதும். ஆழமான பள்ளக்கோடு வேண்டாம், முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் குலுங்கும்.

கடைக்கு முன்னால் நான்கடிதான் இடம். அப்பால் சாக்கடை. என்ன செய்வது?

சாக்கடைமேல், நடைபாதைமேல் நிரந்தரமாகக் கட்டினால் ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி இடிக்கும், அதோடு நடைபாதையில் போகிற இன்னொரு சக்கர நாற்காலிக்கும் அது தடை. உங்கள் எல்லைக்குள் இருக்கும் வழிகள் வேறு. தரையை உள்ளே இழுத்து, வாசலை ரோட்டு மட்டத்துக்கு இறக்கி, சரிவைக் கடைக்குள்ளேயே கொடுக்கலாம். இரண்டு டேபிள் இடம் போகும், ஆனால் பிரச்சினை தீரும். பக்கச் சந்தில் கதவு இருந்தால் அதன் வழியாக எல் வடிவில் திருப்பலாம். திருப்பத்தில் 5 அடிச் சமதளம் விடுங்கள். சமையலறைக் கழிவு போகும் பின்வழியை மட்டும் இதற்குத் தராதீர்கள்.

எதற்கும் இடமில்லையென்றால் எடுத்து வைக்கும் சாய்தளம். அலுமினியத்தில் மடக்கு வகை கிடைக்கிறது. பட்டறையிலும் அடித்துக்கொள்ளலாம்: இரும்பு ஆங்கிள் சட்டத்தில் முக்கால் அங்குலப் பிளைவுட், அகலம் இரண்டரை அடிக்குக் குறையாமல், இரு ஓரத்திலும் 2 அங்குலத் தடுப்பு, பெயிண்ட் காயும் முன் தூவிய மணல். மேல்நுனியில் படியைக் கவ்வும் 3 அங்குல வாய்த்தகடு கட்டாயம். அது இல்லாவிட்டால் முன்சக்கரம் ஏறும் கணத்தில் பலகை பின்னால் நழுவும். 6 அங்குலப் படிக்கு 4 அடிப் பலகை வைத்தால் சரிவு கூடிவிடுகிறது, பின்னால் ஒருவர் பிடித்துத் தள்ளினால் மட்டுமே பாதுகாப்பு. 6 அடி வைத்தால் தானே ஏறுகிறவரும் ஏறலாம். வாசலில் மூன்றடி உயரத்தில் ஒரு காலிங்பெல்லும் "சாய்தளம் உள்ளது, மணி அடிக்கவும்" என்ற போர்டும் வையுங்கள். பலகை கல்லாவுக்குப் பின்னால் நிற்கட்டும். குடோனில் போட்டால் சாவி வருவதற்குள் வந்தவர் போய்விடுவார்.

சாய்தளம் போட்டாயிற்று. இன்னும் குறை சொல்கிறார்களே?

வாசலில் நின்று பாருங்கள். அதன்மேல் ஸ்கூட்டர் நிற்கிறதா? மிகப் பெரிய காரணம் அதுதான். அடுத்தவை: "இன்றைய ஸ்பெஷல்" போர்டு, பூந்தொட்டி, பார்சலுக்கு நிற்கும் டெலிவரிப் பையன்கள், ராத்திரி கடை கழுவிய சோப்புத்தண்ணீர். பல இடங்களில் போட்டிருப்பது பைக் ஏற்றப் போட்ட குத்துச்சரிவு, ஒரு அடிக்கு நான்கு அங்குலம் ஏறும். அதில் நாற்காலி ஏறினால் பின்பக்கம் மல்லாந்துவிடும். சாய்தளம் முடிகிற இடத்தில் ஷட்டர் தண்டவாளம் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் வண்டி அங்கே நின்றுவிடும். அரை அங்குலத்துக்குமேல் எந்தத் திட்டும் கூடாது.

உள்ளே எவ்வளவு இடைவெளி வேண்டும்?

கதவு திறந்த நிலையில் 3 அடி, வழி 3 அடி, திரும்பும் இடத்தில் 5 அடி வட்டம். கடை நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள், காலியாக இருக்கும்போது அல்ல.

கை கழுவும் இடம்?

நம் ஓட்டல்களில் இது தண்ணீர் பரவாமல் இருக்க 4 அங்குலத் திட்டின்மேல் கட்டப்பட்டிருக்கும். சக்கர நாற்காலி அங்கேயே நின்றுபோகும். ஒரு பேசினையாவது திட்டுக்கு வெளியே, மேல்விளிம்பு இரண்டரை அடி உயரத்தில், அடியில் முட்டி நுழைய இடம் விட்டு, சுவரில் மாட்டுங்கள். திருகு குழாய்க்குப் பதில் நெம்புக் குழாய். காலால் அழுத்தும் குழாய் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு உதவாது. பேசின் மாற்றும் வரை, கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் டேபிளுக்கு வரட்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்.

கழிவறையில் என்ன தவறு நடக்கிறது?

பழைய கட்டடத்தில் கழிவுக் குழாய்க்கு ஆழம் கிடைக்காமல் தரையை அரையடி உயர்த்திவிடுவார்கள். வாசல் சரியாக இருந்தும் கழிவறையில் படி முளைப்பது இதனால்தான். குழாயைச் சுவர் வழியாக வெளியேற்றும் வகை வெஸ்டர்ன் கோப்பையை வைத்தால் தரையை உயர்த்தத் தேவையில்லை. பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அளவு 2.2 மீட்டருக்கு 2 மீட்டர், ஏறத்தாழ ஏழேகால் அடிக்கு ஆறரை அடி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கும்போது திறக்கவே முடியாது. கோப்பையின் உட்காரும் உயரம் 18 அங்குலம். ஒரு பக்கம் மூன்றடி காலியிடம் விட்டு, அங்கே நாற்காலியை நிறுத்தி நகர்ந்து உட்கார வேண்டும். சுவர்ப் பக்கம் நிலையான கம்பி, காலிப் பக்கம் மேலே மடக்கும் கம்பி. டவல் மாட்டும் கம்பியைப் பிடிமானக் கம்பி என்று மாட்டுகிறார்கள். அது ஆள் எடையைத் தாங்காது. டைல்ஸில் பிளாஸ்டிக் பிளக் போட்டு முடுக்கிய கம்பியும் பிடுங்கிக்கொள்ளும். செங்கல் சுவருக்குள் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும்.

எல்லாம் சரியாகக் கட்டிய கழிவறையில் கடைசியில் மாப்பு, பினாயில், வேலையாட்கள் சட்டை என்று அடைத்துவைத்துப் பூட்டிச் சாவியை மேனேஜர் எடுத்துப் போய்விடுகிறார். அப்படியானால் அது கழிவறை இல்லை, குடோன்.

சப்ளையர்களுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்?

வந்தவரிடமே பேச வேண்டும். "அக்காவுக்கு என்ன வேணுமாம்?" என்று கூட வந்தவரைப் பார்த்துக் கேட்பது நாள்தோறும் நடக்கிறது. கேட்காமல் நாற்காலியைத் தொட்டுத் தள்ளக் கூடாது. "அண்ணே, எந்தப் பக்கம் உட்கார்ந்தா உங்களுக்கு வசதி?" என்ற ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். இலையைப் போடும்போது விளிம்பை ஒட்டிப் போட்டு, பொரியல் கூட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கட்டும். கொதிக்கும் ரசத்தை அவர் தலைக்கு மேலாகக் கடத்த வேண்டாம்.

பார்வையற்றவருக்கு மெனுவை விலையோடு வாசித்துக் காட்டி, வைத்த பண்டம் இலையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பில்லைக் கொடுக்கும்போது தொகையை வாயால் சொல்லுங்கள். காது கேளாதவருக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும். டோக்கன் எண்ணைக் கூவி அழைக்கும் கடைகளில் அவருக்கு மட்டும் டேபிளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தொழுநோயிலிருந்து குணமானவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைப்பது இன்னும் சில டீக்கடைகளில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் அவர்களும் அடக்கம். அந்த டம்ளரை எடுத்து வைப்பது பச்சையான பாகுபாடு.

இந்தச் சட்டமெல்லாம் தனியார் ஓட்டலுக்கும் பொருந்துமா?

பொருந்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. "பொதுக் கட்டடம்" என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பொதுமக்கள் வந்துபோகும், வணிகம் நடக்கும் தனியார் கட்டடமும் வருகிறது. பிரிவு 3 பாகுபாட்டைத் தடுக்கிறது. பெரிய சுமையில்லாமல் செய்து தரக்கூடிய வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டமே சொல்கிறது. டேபிளிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிடக்கூட மாட்டேன் என்பது அதற்கு நல்ல உதாரணம். பிரிவு 44-ன்படி அணுகல் விதிகளுக்கு (மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக வகை செய்யும் விதிகள்) ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி தரக் கூடாது, நிறைவுச் சான்றும் தரக் கூடாது. பிரிவு 89-ல் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த மத்திய அரசு இந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதி 15(1) சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கும்படி உத்தரவிட்டது. "அது வெறும் வழிகாட்டிதானே" என்று ஓட்டல்காரர் சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். பிரிவு 3-ன் கடமை எந்த விதிக்கும் காத்திருப்பதில்லை.

"கூட்டமா இருக்கு, பார்சல் வாங்கிக்கங்க" என்றார்கள். இது பாகுபாடா?

உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் ஆம். எல்லாரையும் காத்திருக்கச் சொல்லி, உங்கள் பெயரையும் வரிசையில் எழுதிக்கொண்டால் இல்லை. "மத்தவங்க சங்கடப்படுவாங்க", "நாற்காலி வழியை மறைக்கும்" என்பவையும் மறுப்புதான். மூளை முடக்குவாதமுள்ள குழந்தை சத்தம் போடுகிறது என்று வெளியேறச் சொல்வதும் அப்படித்தான்.

எல்லாரும் பார்க்க, இழிவுபடுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலோ மிரட்டினாலோ அது பிரிவு 92-ன் கீழ்க் குற்றம்: ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். படி இருப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் மனு பலவீனமாகிவிடும்.

மறுத்த இடத்திலேயே என்ன செய்ய வேண்டும்?

மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே முடியும். முடியவில்லையென்றால் தேதி, நேரம், சொன்னவர் யார், என்ன வார்த்தை சொன்னார் என்பதை அப்படியே, அவர் பேசிய பேச்சிலேயே, போனில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையும் வாசலும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். படியருகே டேப் வைத்து ஒரு படம். ஒரு காபியாவது வாங்கி பில் எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது, அதன் காரணம் கீழே வருகிறது. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரின் பெயரும் எண்ணும் கேளுங்கள். சாப்பிடுகிற மற்றவர்கள் முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம்.

எங்கே புகார் கொடுப்பது?

முதலில் கலெக்டர் அலுவலகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள். கட்டட அனுமதி பற்றிய குறை என்றால் மாநகராட்சி ஆணையருக்கும் ஒரு நகல். 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

அடுத்தது சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உரிமை மறுப்பை விசாரிக்கவும், ஆட்களை வரவழைக்க சிவில் நீதிமன்ற அதிகாரத்தைப் பயன்படுத்தவும் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. தபாலில் அனுப்பினால் போதும், நேரில் போக வேண்டியதில்லை.

நுகர்வோர் ஆணையம் மூன்றாவது வழி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு ரூபாயும் கொடுக்காதவர் "நுகர்வோரா" என்று எதிர்த்தரப்பு கேட்கும். பில்லோ டேபிளுக்குக் கட்டிய முன்பணமோ இருந்தால் அந்தக் கேள்வி எழாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். அடையாள அட்டை நகலைக் கையில் வைத்திருங்கள்.

மனு எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த வடிவம் போதும்:

"நான் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாற்றுத்திறனாளி. (தேதி), (நேரம்) அன்று (தெரு)விலுள்ள (ஓட்டல் பெயர்) வாசலில் 3 படிகள், மொத்தம் 19 அங்குலம், சாய்தளம் இல்லை. உள்ளே வர வழி கேட்டபோது மேலாளர் '(சொன்ன வார்த்தை)' என்றார். இது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 3-க்கு எதிரானது. (1) எடுத்து வைக்கும் சாய்தளம் 30 நாளுக்குள், (2) நிரந்தர வழி, (3) கீழ்த்தளத்தில் தகுந்த இரண்டு டேபிள் ஆகியவற்றுக்கு உத்தரவிடவும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். இணைப்பு: படங்கள் 3, பில் நகல், அடையாள அட்டை நகல்."

"தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் முடித்தால், எச்சரித்து அனுப்பினோம் என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். என்ன வேண்டும் என்பதை அங்குலக் கணக்கில் கேளுங்கள்.

கட்டடம் வாடகை. சாய்தளத்துக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்கிறார் ஓட்டல்காரர்.

சுவரையோ தரையையோ உடைக்கத்தான் கட்டட உரிமையாளரின் சம்மதம் தேவை. எடுத்து வைக்கும் பலகை, டேபிளின் கால்கட்டை, மணி, வெந்நீர்க் கிண்ணம் ஆகியவற்றுக்கு யார் சம்மதமும் வேண்டாம், அவற்றை அன்றே செய்யலாம். மீதிக்கு ஓட்டல்காரர் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு, அவர் மறுத்தால் அந்தப் பதிலை உங்கள் மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது நோட்டீஸ் இருவருக்கும் போகும்.